சேத்தக் மாடலுக்கு ஒரு புதிய பிளேடு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. 1/72 அளவில், பிளாஸ்டிக் மாடல் கிட்டிலிருந்து கட்டிக்கொண்டிருந்த அலுவெட் 3 ஹெலிகாப்டரின் மேல் ரோட்டருக்கு, அதாவது தலைக்கு மேல் சுற்றும் பிளேடுகள் உள்ள பாகத்துக்கு, பிரைமர் அடித்து, காயட்டும் என்று மேசையில் செய்தித்தாள் விரித்து வைத்திருந்தேன். கரண்ட் போயிருந்த நேரம். விசிறியின் ஸ்விட்சை அணைக்காமல் விட்டிருக்கிறேன் என்பது நினைவில்லை. கரண்ட் வந்ததும் விசிறி முழு வேகத்தில் சுற்றியது, செய்தித்தாள் ஒரு பக்கமாக எழும்பி ரோட்டரைத் தரையில் தள்ளியது. நான் அவசரமாக எழுந்ததில் சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் உருண்டது. ‘படக்’ என்று ஒரு சின்னச் சத்தம். குனிந்து பார்த்தால் மூன்று பிளேடில் ஒன்று அடியோடு ஒடிந்து, மூன்று துண்டாகக் கிடந்தது. மற்ற இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இந்த மாடல் எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். நான் வளர்ந்தது அரக்கோணம் பக்கம். 1992-இல் அங்கே கடற்படையின் ராஜாளி விமானத் தளம் திறக்கப்பட்டது. கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியும் அங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கூட மைதானத்தில் நிற்கும்போது தலைக்கு மேலே போகும் சேத்தக்குகளை எண்ணுவது எங்களுக்கு ஒரு விளையாட்டு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக, உள்ளே இருப்பவரின் ஹெல்மெட் வரை தெரியும். அந்தச் சேத்தக்தான் பிரான்ஸின் அலுவெட் 3. பெங்களூரு எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) உரிமம் வாங்கி 1960-களிலிருந்து இங்கே செய்தது. மகாராணா பிரதாப்பின் குதிரையின் பெயரை வைத்தார்கள். கிட் பெட்டியில் இந்தியச் சின்னங்கள் இல்லாவிட்டாலும் இதை அரக்கோணத்துச் சேத்தக்காகத்தான் கட்டுவது என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன்.

சரி, பிளேடுக்கு வருவோம்.

முதலில் தோன்றியது, இருக்கும் துண்டுகளையே ஒட்டிவிடலாம் என்பதுதான். இந்தக் கிட்டில் ரோட்டரின் மையமும் மூன்று பிளேடும் ஒரே வார்ப்பு. ஒடிந்தது மையத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கைக்குச் சற்று வெளியே. மாடல் பசை, கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு முகங்களையும் ஒன்றாக உருக்கிவிடும் என்பதால், சுத்தமாக ஒடிந்த இடம் பசையில் நன்றாகவே பிடிக்கும். ஆனால் நாற்காலிச் சக்கரம் ஏறிய துண்டுகள் அப்படி இல்லை. ஒடிந்த இடங்களைச் சுற்றி பிளாஸ்டிக் வெள்ளையாகப் பூத்திருந்தது. பாலிஸ்டைரீனை அளவுக்கு மீறி வளைத்தால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் விழும், அதுதான் அந்த வெண்மை. அந்த இடத்தில் பசை பட்டதும் வெடிப்புக்குள் இறங்கி, பிளாஸ்டிக் கொழகொழவென்று ஆகிவிட்டது. ஒட்டி முடித்து ஒரு நாள் விட்டு எடுத்துப் பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் நேராக இருந்தது, பக்கவாட்டில் பார்த்தால் பாம்பு மாதிரி நெளிந்திருந்தது. அதைத் தேய்த்துத் தேய்த்து நேராக்கினால் மிஞ்சுவது தகடு அல்ல, காகிதம். அதோடு அந்த யோசனையைக் கைவிட்டேன். நசுங்கிய பாகத்தை ஒட்டுவதில் நேரம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஒடிந்தது வேறு, நசுங்கியது வேறு.

புதிதாகச் செய்வதுதான் வழி. பிளாஸ்டிக் ஷீட் கையிருப்பில் இருந்தது. மாடல்காரர்கள் வாங்கும் வெள்ளை ஸ்டைரீன் ஷீட், 1 மி.மீ. ஒன்றும் அரை மி.மீ. ஒன்றும். சிடி பெட்டியின் மூடியும் பாலிஸ்டைரீன்தான், ஆனால் அது கண்ணாடி போல முறுகலானது. கத்தியால் கீறி மடக்கும்போது கோட்டை விட்டு எங்கேயோ விரிசல் ஓடும். இவ்வளவு ஒல்லியான பாகத்துக்கு அது ஒத்துவராது.

அளவு எடுக்க வேண்டும். இங்கேதான் நான் ஒரு தவறான பாதையில் போனேன். அசல் ஹெலிகாப்டரின் அளவுகள் எனக்கு மனப்பாடம். ரோட்டரின் விட்டம் 11.02 மீட்டர், பிளேடின் அகலம் 35 செ.மீ. 72-ஆல் வகுத்தால் விட்டம் 153 மி.மீ., அகலம் 4.86 மி.மீ. கிட்டின் ரோட்டரை அளந்து பார்த்தேன், மையத்திலிருந்து நுனி வரை 76.5 மி.மீ. நீளம் கச்சிதம். அப்படியானால் அகலமும் சரியாக இருக்கும் என்று நம்பி, 1 மி.மீ. ஷீட்டில் 4.9 மி.மீ. அகலத்துக்கு வெட்டி, இரண்டு மாலை உட்கார்ந்து சீவித் தேய்த்து ஒரு பிளேடு செய்தேன். தனியாகக் கையில் எடுத்துப் பார்க்க மிக அழகாக இருந்தது. மையத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அப்பா, இது மட்டும் ஒல்லியா இருக்கே?”

அளந்து பார்த்தேன். கிட்டின் பிளேடுகள் 5.5 மி.மீ. அகலம். பழைய அச்சு, தடிமனும் கூடுதல். 0.6 மி.மீ. வித்தியாசம் என்று கேட்டால் ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் இவ்வளவு குறுகலான பொருளில் அது ஒன்பதில் ஒரு பங்கு. மூன்று பிளேடு ஒரே வட்டத்தில் நிற்கும்போது கண் வேறு எதையும் பார்க்காது, மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். அசலுக்குச் சரியாக இருந்த பிளேடுதான் அங்கே தப்பாகத் தெரிந்தது.

மீதி இரண்டையும் வெட்டி எடுத்துவிட்டு மூன்று புதிய பிளேடு செய்யலாமா என்று ஓர் இரவு முழுக்க யோசித்தேன். அப்படிச் செய்தால் அளவு எல்லாம் அசலுக்குப் பொருந்தும். ஆனால் மையத்தின் கைகளும் கிட்டின் கணக்கில் கொஞ்சம் பருமன். பிளேடை ஒல்லியாக்கினால் கைகள் குண்டாகத் தெரியும், அப்புறம் அதையும் மாற்ற வேண்டும். ஒரு பாகம் உடைந்ததற்கு ரோட்டர் முழுவதையும் புதிதாகச் செய்யும் வேலையில் எனக்கு இஷ்டமில்லை. நல்ல இரண்டு பிளேடு கண்முன்னே இருக்கின்றன, அவைதான் இனி எனக்கு வரைபடம் என்று முடிவு செய்தேன். புத்தகத்தையும் கணக்கையும் ஓரமாக வைத்துவிட்டு, நுண்ணிய அளவு எடுக்கும் காலிப்பரை எடுத்து அந்த இரண்டையும் ஐந்து ஐந்து இடங்களில் அளந்து ஒரு தாளில் எழுதினேன்.

அளந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கிட்டின் பிளேடுகள் தட்டையாக இல்லை. நிற்கும் ஹெலிகாப்டரில் பிளேடுகள் தங்கள் எடையிலேயே லேசாகத் தொங்கும், அந்தத் தொய்வை அச்சிலேயே கொடுத்திருக்கிறார்கள். ரோட்டரைக் கண்ணாடித் தட்டில் கவிழ்க்காமல் வைத்து அளந்தால், கையின் உயரத்தை விட நுனி 2.5 மி.மீ. கீழே இருந்தது. என் முதல் பிளேடு இந்த விஷயத்திலும் தவறியிருக்கும்.

ஷீட்டை வெந்நீரில் காட்டி வளைக்கலாம். ஆனால் பாலிஸ்டைரீன் இளகுவது கிட்டத்தட்ட 100 டிகிரியில். கொதிநீரில் போட்ட பாகத்தை அந்தச் சில நொடிகளுக்குள் சரியாக 2.5 மி.மீ. வளைப்பது எனக்குக் கைவரவில்லை, ஒருமுறை முறுக்கிக்கொண்டது. அதற்குப் பதிலாக அரை மி.மீ. ஷீட் இரண்டை வளைந்த நிலையிலேயே ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டினேன். ஒட்டுப்பலகை செய்பவர்கள் வளைந்த நாற்காலி முதுகு செய்வது இப்படித்தான். இரண்டு அடுக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால், காய்ந்த பிறகு வளைவு அப்படியே நிற்கும்.

இந்த அடுக்கு முறையில் இன்னொரு பெரிய நன்மையும் கிடைத்தது, அதைச் சொல்ல முதலில் கம்பி விஷயத்தைச் சொல்ல வேண்டும். பிளேடை மையத்தின் கையோடு வெறும் பசையில் முட்டுக்கு முட்டு ஒட்டினால் நிற்காது. ஒட்டும் முகம் 2 மி.மீ.க்கு ஒரு மி.மீ., அதன் முனையில் 70 மி.மீ. நெம்புகோல். விரல் பட்டாலே ஒடியும். உள்ளே கம்பி ஓட வேண்டும். நான் பயன்படுத்தியது கிட்டாரின் இரண்டாவது தந்தி, 0.016 அங்குலம், அதாவது 0.4 மி.மீ. உருக்குக் கம்பி. செம்புக் கம்பி வளையும், இது வளையாது.

அதற்குத் துளை போட பிட் வேண்டும். முன்பே சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போயிருந்தபோது, பிசிபி எனும் மின்சுற்றுப் பலகையில் துளையிடும் பிட் கேட்டேன். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும்முன் கேட்டார், “மெஷின்ல போடுறதா, கையிலயா அண்ணே?” கையில் என்றேன். “அப்ப இது வேணாம். கார்பைடு. லேசா சாய்ஞ்சா போதும், உடைஞ்சிரும்.” ஆனாலும் 0.4-இல் அவரிடம் வேறு இல்லை என்பதால் இரண்டு வாங்கி வந்தேன். அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. முதல் பிளேடின் அடியில் துளைக்கும்போது இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன, ஒன்று துளைக்கு உள்ளேயே. அப்புறம் சாதாரண ஹெச்.எஸ்.எஸ். (ஒரு வகை உருக்கு) பிட் வரவழைத்தேன். அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும், கைக்கு அதுதான் ஏற்றது. ஆனால் 1 மி.மீ. தடிமனுள்ள பிளேடின் விளிம்பில் 0.4 மி.மீ. துளையை நடுவில் இறக்குவது மிகக் கடினம். இரண்டு பக்கமும் 0.3 மி.மீ. சுவர்தான் மிஞ்சும். என் முதல் பிளேடில் பிட் மேல்பக்கமாக வெளியே வந்துவிட்டது.

இரண்டு அடுக்காகச் செய்யும்போது பிளேடில் துளையே போட வேண்டாம்! கீழ் அடுக்கின் அடிமுனையில் 10 மி.மீ. நீளத்துக்கு, கம்பியின் அகலத்துக்கு ஒரு காடி வெட்டினேன். அதில் கம்பியை வைத்து, 4 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி சொட்டு பெவிக்விக்கில் பிடிக்க வைத்தேன். மேல் அடுக்கை அதன் மேல் ஒட்டினால் கம்பி நடுவில் சாண்ட்விச் போல அடங்கிவிடும். துளை மையத்தின் கையில் மட்டும் போட்டால் போதும். அங்கே பிளாஸ்டிக் 1.5 மி.மீ. தடிமன், இடம் தாராளம்.

வளைவுக்கான அச்சு மிக எளிது. ஒரு மரப்பலகையின் ஓரத்தில் பழைய விசிட்டிங் கார்டுகளை 3 மி.மீ. உயரத்துக்கு அடுக்கி டேப் ஒட்டினேன். பிளேடின் அடிப்பகுதி 15 மி.மீ. அந்த அடுக்கின் மேல் தட்டையாக உட்கார, கிளிப் போட்டுப் பிடித்தேன். நுனியை ஒரு நட்டின் கனத்தால் மட்டும் பலகையோடு அழுத்தினேன், நுனியிலும் கிளிப் போட்டிருந்தால் அங்கே எதிர்ப்பக்கம் வளைந்திருக்கும். 2.5-க்கு ஏன் 3 என்றால், எடுத்ததும் கொஞ்சம் நிமிரும். எடுத்தபோது சரியாக 2.5-இல் நின்றது. இரண்டு ஷீட்டுக்கு இடையே அடைபட்ட பசை மெதுவாகத்தான் காயும். நான் இரண்டு முழு நாள் தொடவில்லை. அவசரப்பட்டு மறுநாளே தேய்த்தால், பசை இன்னும் இளக்கமாக இருக்கும் இடத்தில் பின்னால் பள்ளம் விழும்.

பிறகு வெட்டிச் செதுக்கும் வேலை. 5.5 மி.மீ. அகலத்துக்கு வெட்டியதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு விஷயத்தை மூன்று தடவை சரிபார்த்தேன்: எந்த விளிம்பு முன் விளிம்பு? பிளேடின் குறுக்கு வெட்டு இறக்கையின் வடிவம். முன் விளிம்பு உருண்டு, பின் விளிம்பு மெல்லியதாகப் போகும். அமெரிக்க ஹெலிகாப்டர்களின் ரோட்டர் மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழி. பிரெஞ்சு ஹெலிகாப்டர்கள் வலஞ்சுழி, அதனால் சேத்தக்கும் அப்படியே. எனக்குப் படங்களில் பழக்கமானது அமெரிக்காவின் பெல் ஹெலிகாப்டர்கள் என்பதால் கை தானாக மறுபக்கம் போனது. வளைவு ஏற்கெனவே இருப்பதால் மேல்பக்கம் எது என்பது உறுதி, கம்பி இருப்பதால் அடி எது என்பதும் உறுதி. ஆக, தவறான விளிம்பைச் சீவிவிட்டால் புரட்டிப் போட்டுச் சரிசெய்ய வழியில்லை, மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். பென்சிலால் முன் விளிம்பில் ‘மு’ என்று எழுதிவிட்டுத்தான் வேலையைத் தொடர்ந்தேன்.

முன் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி நீளவாக்கில் ஒரு கோடு போட்டேன். அந்தக் கோடுதான் பிளேடின் மிகத் தடித்த இடம். அதிலிருந்து பின் விளிம்பு வரை கத்தியை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். சுரண்டுவது தேய்ப்பதை விட வேகம், தூசியும் வராது. அதன்பின் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் தண்ணீர் உப்புத்தாள் 400, 600, 1000. வளைந்த அச்சுப்பலகையின் மேலேயே டேப் போட்டு வைத்துத் தேய்த்ததால் பிளேடு நெளியவில்லை. நுனியின் மூலைகளைக் கடைசியாக, மற்ற இரண்டின் நுனியோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்து லேசாக உருட்டினேன்.

பொருத்தும் நாள். மையத்துக் கையின் ஒடிந்த முகத்தை நேராகச் சீவி, நடுவில் ஊசியால் ஒரு குழி குத்தினேன். குழி இல்லாமல் பிட் வைத்தால் அது வழுக்கி ஓரத்துக்கு ஓடும். விரலால் சுழற்றும் பிடியான பின் வைஸில் பிட்டைச் சுற்றி, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துகளைத் தட்டி, 4 மி.மீ. ஆழம். கோணம் 120 டிகிரி. பாகைமானி வைத்து வரைபடத்தாளில் மூன்று கோடு போட்டேன், மையத்தில் ஒரு குண்டூசி, அதில் ரோட்டர். ஆனால் நான் நம்பியது கோணத்தை அல்ல, நுனிக்கு நுனி தூரத்தை. ஒரு டிகிரி பிசகினால் நுனி 1.3 மி.மீ. நகரும். பாகைமானியில் ஒரு டிகிரி கண்ணுக்குத் தப்பும், கவராயத்தில் 1.3 மி.மீ. தப்பாது. மையத்திலிருந்து 76.5 என்றால் நுனிக்கு நுனி 132.5 மி.மீ. வர வேண்டும். பழைய இரண்டுக்கும் இடையே கவராயத்தை வைத்தேன், அதே 132.5. கவராயத்தைக் கலைக்காமல் புதிய பிளேடின் நுனியை இரண்டு பக்கமும் தொடும் வரை நகர்த்தி, ஒரு சொட்டு பெவிக்விக்.

அந்தச் சொட்டை வைக்கும்போது ஹெலிகாப்டரின் உடலை வேறு அறையில் வைத்திருந்தேன். பெவிக்விக் போன்ற பசைகளின் ஆவி கண்ணாடி பிளாஸ்டிக்கில் வெள்ளைப் பூஞ்சணம் போலப் படியும். சேத்தக்கின் முன்பக்கமே கண்ணாடி. அது மங்கிப் போனால் அதற்கு மாற்றுப் பாகம் செய்ய என்னால் முடியாது.

இணைந்த இடத்தில் மயிரிழைப் பள்ளம் இருந்தது. புட்டி வைத்துத் தேய்த்து, மூன்று பிளேடுக்கும் மறுபடி பிரைமர். பழைய இரண்டில் ஏற்கெனவே பிரைமர் இருக்கிறதே என்று புதியதற்கு மட்டும் அடிக்காதீர்கள். வெள்ளை ஷீட்டின் மேல் விழும் பெயிண்டும் சாம்பல் பிளாஸ்டிக்கின் மேல் விழும் பெயிண்டும் ஒரே டப்பாவிலிருந்து வந்தாலும் ஒரே நிறமாகத் தெரியாது. பிறகு கருஞ்சாம்பல், மெல்லிய மூன்று பூச்சு. காய வைத்தது மூடி போட்ட இனிப்பு டப்பாவுக்குள்.

கடைசியாக, கிட்டில் இல்லாத ஒன்றையும் சேர்த்தேன். அலுவெட் 3-இன் ரோட்டரில் ஒரு பிளேடையும் அடுத்த பிளேடையும் இணைத்து மெல்லிய கம்பிவடங்கள் இருக்கும், பிளேடுகளின் இடைவெளி சமமாக இருப்பதற்கு. மேலிருந்து பார்த்தால் மையத்தைச் சுற்றி ஒரு சிறு முக்கோணம். அரக்கோணத்தில் தரையில் நின்ற சேத்தக்கை முதல்முறை அருகில் பார்த்தபோது என் கண்ணில் பட்டது இதுதான், அதன் வேலை என்ன என்று தெரிந்தது பல வருடம் கழித்து. பழைய இயர்போன் வயரைப் பிரித்தால் உள்ளே தலைமுடி போன்ற செம்பு இழைகள் கிடைக்கும். ஓர் இழையை இரண்டு முனையும் பிடித்து மெதுவாக இழுத்தால் நூல் பிடித்தது போல நேராகும். மூன்று துண்டு வெட்டி, பெவிகால் சொட்டில் ஒட்டினேன். பெவிகால் மெதுவாகக் காய்வதால் இழுத்துச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். முதல் இரண்டு நன்றாக விறைப்பாக நின்றன. மூன்றாவது, புதிய பிளேடிலிருந்து போவது, காய்ந்ததும் தளர்ந்தது. ஈரத் தூரிகையால் தொட்டு இளக்கி எடுத்து, அரை மி.மீ. குறைத்து வெட்டிய இழையை இரவு பத்து மணிக்கு மறுபடி ஒட்டினேன். காலையில் மூன்றும் ஒரே விறைப்பில் இருந்தன. இன்று சாயங்காலம் ரோட்டரைத் தண்டில் ஏற்றிவிட்டு, கதவுகளுக்குப் பெயிண்ட் அடிக்கத் தொடங்க வேண்டும்.